கை பழகும்போது மூளையில் நடப்பது என்ன?

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது காணிப்பாக்கம். வரசித்தி விநாயகர் எழுந்தருளியுள்ள இத்திருக்கோயிலின் உண்டியல் திறக்கப்படும் நாள்களில், விரிப்பின்மேல் குவிக்கப்பட்ட காணிக்கையைச் சுற்றிக் கோயில் ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் தொண்டர்களும் அமர்ந்து எண்ணுவார்கள். திருமலையில் இதே பணி பரகாமணி என்னும் பெயரால் நடைபெறுகிறது. நோட்டு எண்ணும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்திலும் இப்பணி கையை விட்டு அகலவில்லை. பக்தர்கள் நான்காகவும் எட்டாகவும் மடித்து இட்ட நோட்டுகளைப் பிரித்து, நீவி, முகம் பார்த்து அடுக்கிய பின்னரே அவற்றை இயந்திரத்தில் இட முடியும்.

அவ்விடத்தில் பழகிய கைகளையும் புதிய கைகளையும் ஒரே பார்வையில் பிரித்தறியலாம். புதியவர் ஒவ்வொரு நோட்டையும் உற்றுப் பார்த்துப் பிரிக்கிறார். இடையில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடுகிறது. பழகியவரோ அருகில் இருப்பவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே நோட்டுகளை அடுக்குகிறார். ஆயினும் தாளின் தன்மை சிறிது மாறினாலும் அவர் விரல்கள் சட்டென நின்றுவிடுகின்றன. நல்ல நோட்டில் சில பகுதிகள் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைப்பாக அச்சிடப்பட்டிருக்கும்; அந்தப் புடைப்பு இல்லையென்றால் கண் பார்க்கும் முன்னரே கை அறிந்துகொள்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அனுபவம் மிக்க காசாளரைக் கேட்டுப் பாருங்கள். கையில் வேறு மாதிரி பட்டது என்பதற்கு மேல் அவரால் விளக்க இயலாது.

சொல்லில் விளக்க முடியாத இந்த அறிவு எங்கே தங்கியிருக்கிறது? எவ்வாறு வந்து சேர்கிறது? முதுமையிலோ நோயிலோ அது கைவிட்டுப் போனால் மீண்டும் வருமா? வணிகவியல் பயின்று வங்கிப் பணிக்கு வந்தவனுக்கு இக்கேள்விகள் புறம்பானவை போலத் தோன்றலாம். ஆனால், பக்கவாதத்துக்குப் பின் கையெழுத்து மாறிப்போன தந்தையை அழைத்துக்கொண்டு கவலையோடு வங்கிக்கு வரும் மகனையும் மகளையும் காணும்போது, இவை வங்கி முகப்பிலேயே எழும் கேள்விகள்தாம் என்பது புரியும்.

கையெழுத்து கையில் இருக்கிறதா?

ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். வழக்கம்போல் ஒரு தாளில் கையெழுத்திடுங்கள். பின்னர், ஒரு கரும்பலகையிலோ சுவரில் ஒட்டிய பெரிய தாளிலோ அதே கையெழுத்தை ஒரு முழ நீளத்துக்கு இடுங்கள். தாளில் எழுதும்போது இயங்கியவை விரல்களும் மணிக்கட்டும். பலகையில் எழுதும்போது இயங்குபவை முழங்கையும் தோளும். தசைகள் வேறு, மூட்டுகள் வேறு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆளின் கையெழுத்து என்று தெரியும். தோள்தசை இதற்கு முன் ஒருபோதும் உங்கள் பெயரை எழுதிப் பழகியதில்லை, இருந்தும் எழுதிவிட்டது.

எனவே, கையெழுத்தின் வடிவம் தசையில் பதிந்திருக்கவில்லை. அது மூளையில் ஒரு திட்டமாக இருக்கிறது. எந்தத் தசை வாய்க்கிறதோ அதைக் கொண்டு மூளை அத்திட்டத்தை நிறைவேற்றுகிறது. கை பழகிவிட்டது என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதன் உண்மைப் பொருள், கையின் வழியாக மூளை பழகிவிட்டது என்பதே.

இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தியவர்களுள் ஒருவர் ரஷ்ய நாட்டு அறிவியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன். 1920-களில் மாஸ்கோவிலுள்ள ஒரு தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில், உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் அசைவுகளை அவர் தொடர் ஒளிப்படங்களாகப் பதிவு செய்து ஆராய்ந்தார். சுத்தியல் உளியின் தலையில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அவ்விடத்தை அடைவதற்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை எடுத்துக்கொண்ட வழி ஒவ்வோர் அடிக்கும் சிறிது வேறுபட்டது. பயிற்சி என்பது ஓர் அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்வது அன்று, ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற திருப்பதி மாவட்டத்து மாதவமாலாவில் உளி பிடித்திருப்பவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே உணரலாம். மரத்தின் இழை திரும்பும் இடத்தில் உளியின் சாய்வும் தானே திரும்புகிறது.

மூளையின் சரிக்கட்டும் பட்டியல்

ஓர் அசைவு பிறப்பதில் மூளையின் மூன்று பகுதிகளுக்குச் சிறப்பான பங்கு உண்டு. உச்சந்தலையின் இருபுறமும் கீழிறங்கும் பட்டை போன்ற இயக்கப் புறணி, தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. மூளையின் ஆழத்தில் அமைந்த அடித்தள முடிச்சுகள், எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்குவது என்று தெரிவு செய்ய உதவுகின்றன. பல அசைவுகளை ஒரே கோவையாகக் கட்டி வழக்கமாக்குவதும் அவற்றின் வேலையே. பிடரிக்கு மேலே, தலையின் பின்புறத்தில் இருக்கும் சிறுமூளை அசைவுகளைச் செம்மைப்படுத்துகிறது. மூளையின் மொத்த எடையில் சிறுமூளை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையிலுள்ள நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதனுள் அடங்கியுள்ளன.

சிறுமூளையின் பணியைக் கணக்கியல் படித்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு வணிகர் தம் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார். வங்கி தரும் செல்லேட்டில் வேறு தொகை இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு எங்கே எழுந்தது என்று கண்டறிவதற்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிக்கிறோம். சிறுமூளை நொடிதோறும் செய்வது இதைப் போன்றதொரு வேலை. இந்தக் கட்டளையை அனுப்பினால் கை இன்ன இடத்தை அடையும், விரலில் இன்ன உணர்வு தோன்றும் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. பின்னர், கண்ணும் தோலும் மூட்டுகளும் அனுப்பும் செய்தியோடு அக்கணிப்பை ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால் அடுத்த கட்டளையைச் சிறிது திருத்துகிறது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். நம் விரல் எங்கே தொடப்போகிறது என்பதை மூளை முன்னரே கணித்துவிடுவதால், தொட்டபின் புதிதாக அறிவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

இதிலிருந்து பயிற்சியைப் பற்றிய முக்கியமான ஓர் உண்மை கிடைக்கிறது. பிழை என்பது பயிற்சிக்கு இடையூறு அன்று. பயிற்சியின் மூலப்பொருளே அதுதான். வேறுபாடே இல்லாத இடத்தில் சரிக்கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதே வேளையில், பிழை நேர்ந்ததை அறிய முடியாவிட்டாலும் கற்றல் நிகழாது. செல்லேட்டைப் பார்க்காமல் ரொக்க ஏட்டை மட்டும் நூறு முறை கூட்டிப் பார்ப்பதால் பயன் என்ன?

காளஹஸ்தியின் மூங்கில் எழுதுகோல்

பிழையையும் திருத்தத்தையும் கண்ணெதிரே காண விரும்புவோர் ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லலாம். திருக்காளத்தி என்று நம் முன்னோர் போற்றிய அவ்வூர், கலம்காரித் துணி ஓவியத்துக்கும் புகழ்பெற்றது. மசூலிப்பட்டினப் பகுதியில் மர அச்சுகளால் துணியில் பதிக்கிறார்கள். காளஹஸ்தியிலோ கையாலேயே வரைகிறார்கள். நலிந்துகொண்டிருந்த இக்கலையை மீட்பதற்காக 1957-ல் அங்கே பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கலம் என்பது கூராகச் சீவிய ஒரு மூங்கில் குச்சி. அதன் முனைக்குச் சற்று மேலே கம்பளித் துணியைப் பொதியாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்தால் அப்பொதி சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வரையும்போது விரலால் பொதியை அழுத்தினால் சாயம் முனைக்கு இறங்கும். இதில் மூடி இல்லை, குழாய் இல்லை. சாயம் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விரலின் அழுத்தம் ஒன்றே. சற்றுக் கூடினால் சாயம் சொட்டும். குறைந்தால் கோடு அறும். தயங்கி நின்றால் அவ்விடம் தடித்துவிடும்.

துணியும் எளிதில் மன்னிப்பதில்லை. முதலில் அதைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் புளிக்கவைத்துக் கறுப்புச் சாயம் எடுக்கிறார்கள். அதிலுள்ள இரும்பு கடுக்காயின் துவர்ப்பைச் சந்தித்ததும் கருமையாகித் துணியோடு ஒன்றிவிடுகிறது. புளியங்குச்சிக் கரியால் வரைந்த மாதிரிக் கோட்டை அழிக்கலாம். கலத்தால் இட்ட கோட்டை அழிக்க முடியாது.

இத்தகைய தொழிலை நூலைப் படித்துக் கற்க இயலாது. எவ்வளவு அழுத்துவது என்று ஆசிரியரைக் கேட்டால் அவர் எடையளவாகவா சொல்வார்? கொஞ்சம் மெல்ல என்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதை மாணவரின் விரல், சொட்டிய கோடுகளையும் அறுந்த கோடுகளையும் கண்டு கண்டு தானே அறிந்துகொள்ள வேண்டும். பிழை உடனே துணியில் தெரிகிறது. அடுத்த கோட்டில் திருத்தம் நிகழ்கிறது. சிறந்த பயிற்சிக்கு வேண்டிய இரண்டும் இத்தொழிலின் கருவியிலேயே அமைந்துவிட்டன.

இவ்வாறு கற்பதில் மூன்று படிகள் உள்ளதாக உளவியலாளர்கள் பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-ல் விளக்கினர். முதற்படியில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிச் செய்கிறார். இரண்டாம் படியில் பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் படியில் எண்ணாமலேயே கை ஓடுகிறது. உண்டியல் எண்ணும் இடத்தில் பேச்சு கேட்டு எண்ணிக்கை தவறியவர் முதற்படியில் இருக்கிறார். பேசிக்கொண்டே எண்ணியவர் மூன்றாம் படியை எட்டியவர்.

நினைவு போனாலும் கை மறப்பதில்லை

பாடத்தை நினைவில் வைப்பதும் தொழிலைப் பழகுவதும் ஒரே வகை நினைவா? இக்கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு மனிதரின் துயரத்திலிருந்து. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டார். 1953-ல் அறுவை சிகிச்சையின்போது அவர் மூளையின் இருபுறத்திலும் உட்பகுதிகள் சில அகற்றப்பட்டன. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாக எதையும் நினைவில் பதிக்கும் ஆற்றல் போய்விட்டது. சற்று முன் சந்தித்தவரையே மீண்டும் புதியவராகக் கருதும் நிலைக்கு அவர் உள்ளானார்.

கனடாவின் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். கையை நேரடியாகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் தலைகீழ் உருவத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தின் விளிம்போடு கோடு இழுக்க வேண்டும். எவருக்கும் தொடக்கத்தில் கை தாறுமாறாகத்தான் போகும். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் கை செம்மையடைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்படியொரு பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கற்றது நினைவில்லை, கற்றது மட்டும் இருந்தது. செய்திகளை நினைவில் வைக்கும் ஏற்பாடும் செயல்களைப் பழகும் ஏற்பாடும் மூளையில் தனித்தனியே உள்ளன என்பதை இது காட்டியது.

வீட்டில் ஞாபக மறதி தொடங்கிய பெரியவர்கள் இருப்போர் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. காலையில் என்ன உண்டோம் என்பதை மறந்துவிடும் பாட்டி, பூவையும் நாரையும் கையில் கொடுத்தால் தடையின்றித் தொடுத்துக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். நினைவு போய்விட்டது என்று எல்லா வேலையையும் அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிடாமல், பழகிய எளிய வேலைகளைக் கூடியவரை அவர்களிடமே விட்டுவைப்பது அவர்களுக்கு ஆறுதல் தரும்.

சிறுகச் சேமிக்கும் பயிற்சி

எவ்வளவு நேரம் பயில வேண்டும் என்பதைவிட, அந்நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது முக்கியம். பிரிட்டனின் அஞ்சல் துறையில் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டியிருந்தபோது, ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆய்வு செய்து 1978-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு குழு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றது. மற்றொன்று இரண்டு மணி நேரப் பயிற்சியை நாளைக்கு இருமுறை பெற்றது. ஏனைய இரண்டு குழுக்களும் இவற்றுக்கு இடைப்பட்டவை. மொத்தப் பயிற்சி நேரத்தைக் கணக்கிட்டபோது, நாளைக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களே குறைந்த நேரத்தில் தேர்ச்சி பெற்றிருந்தனர். ஆனால் தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைவாக மனநிறைவு கொண்டவர்களும் அவர்களே. மற்றவர்களைவிட அதிக நாள்கள் ஆயின என்பதால் தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்கள் எண்ணினர்.

தொடர் வைப்புக் கணக்கு வைத்திருப்போருக்கு இது புதிய செய்தி அன்று. மாதந்தோறும் கட்டும் சிறு தொகை, கட்டும் நாளில் பெரிதாகத் தெரிவதில்லை. முதிர்வு நாளில்தான் அதன் அளவு புலப்படுகிறது.

இடைவெளியில் நடப்பது என்ன? மூளை ஓய்ந்திருப்பதில்லை. அமெரிக்காவில் மேத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், விரல்களால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் விசைகளைத் தட்டும் பயிற்சி தரப்பட்டது. இரவு உறங்கி எழுந்தவர்கள், இடையில் எவ்விதப் பயிற்சியும் இன்றியே ஏறத்தாழ 20 விழுக்காடு வேகமாகத் தட்டினர். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. பகலில் இட்ட வரவை மூளை இரவில் பேரேட்டில் பதிவு செய்கிறது எனலாம். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுதும் வீணை பயிலும் மாணவி இழப்பது உறக்கத்தை மட்டுமன்று.

பயிற்சி மூளையின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியில் 2004-ல் வெளியான ஆய்வில், மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பயின்றவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர். அசையும் பொருள்களைக் கண்ணால் பின்தொடர உதவும் பகுதியில் மூளைப்பொருள் சிறிது பெருகியிருந்தது. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அப்பெருக்கம் குறைந்திருந்தது. பயன்படுத்தப்படாத கணக்கு செயலற்றதாவது போல, பயன்படுத்தாத திறனும் மங்குகிறது. ஆனால் செயலற்ற கணக்கிலுள்ள தொகை அழிந்துவிடுவதில்லை அல்லவா? அவ்வாறே, ஒருமுறை பழகிய திறனை மீட்பதற்கு முதன்முறை கற்பதைவிடக் குறைந்த உழைப்பே போதும். பல ஆண்டுக்குப் பின் மிதிவண்டி ஏறியவர்கள் இதை அறிவார்கள்.

வேலூரில் தடம் மாறிய தசைநாண்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் நலமான கைகளைப் பற்றியவை. கை செயலிழந்தவருக்கு என்ன வழி? அதற்கான விடையின் முக்கியமான பகுதி, சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் கண்டறியப்பட்டது. உடல்நலம் குன்றினால் சித்தூர் மாவட்டத்து மக்கள் தேடிச் செல்லும் அதே கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் அது நிகழ்ந்தது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பிடி வலுவற்று இருக்கும் என்று எண்ணியவருக்கு வலி தாங்கவில்லை. அந்தக் கையில் வலுவான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகளை இயக்கும் நரம்புகள்தாம் பழுதடைந்திருந்தன. முன்கையின் பெருந்தசைகள் பல நலமாக இருந்தன.

1940-களின் பிற்பகுதியில் அவர் இத்தகைய கைகளில் அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு இரண்டு தசைநாண்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்து வேறு தடத்தில் செலுத்தி, செயலிழந்த சிறு தசையின் வேலையை அதற்கு ஒப்படைக்கலாம். மணிக்கட்டை உயர்த்தும் தசையொன்றை நீட்டி விரல்களோடு இணைக்கும் முறையையும் அவர் பின்னர்க் கையாண்டார்.

அறுவை முடிந்து சில வாரங்களில் கட்டைப் பிரித்ததும் கை இயங்கிவிடுமா? இயங்காது. மருத்துவர் நாணின் தடத்தைத்தான் மாற்றியிருக்கிறார்; மூளைக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை. மணிக்கட்டை உயர்த்த வேண்டுமென்று மூளை அனுப்பும் பழைய கட்டளை இப்போது விரலை அசைக்கிறது. ஆகவே, அறுவைக்கு முன்பே எந்தத் தசை இடம் மாறப்போகிறதோ அதைத் தனியே இயக்கிப் பழகும்படி நோயாளிக்குக் கற்பிப்பார்கள். அறுவைக்குப் பின், பழைய அசைவை மனத்தில் எண்ணியபடியே புதிய அசைவைக் கண்ணால் கவனிக்கச் செய்வார்கள். இயன்முறைப் பயிற்சியாளரின் துணையோடு நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகப் பழக, ஒரு கட்டத்தில் நோயாளி மணிக்கட்டை எண்ணுவதை விட்டுவிடுகிறார். குவளையை எடுக்க வேண்டும் என்று எண்ணினால் போதும். விரல்கள் குவளையைப் பற்றுகின்றன. பல்லாண்டு பழகிய கணக்கை மூளை புதிய பேரேட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டது.

இன்னொரு தடையும் இருந்தது. அறுவை சிகிச்சை அசைவைத் தந்ததே தவிர, தொடு உணர்வைத் திருப்பித் தரவில்லை. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் சுடாது. கருவியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வலிக்காது. தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு முதன்மைக் காரணம் வலியற்ற நிலையில் ஏற்படும் காயங்களே என்பதை எடுத்துக்காட்டியவரும் பிராண்ட்தான். எனவே தோல் சொல்ல வேண்டியதைக் கண் சொல்லும்படி அவர்கள் பழக வேண்டியிருந்தது. காணிப்பாக்கத்தின் தல வரலாற்றில், பார்வையற்றவர், செவியற்றவர், வாய் பேச இயலாதவர் என மூன்று சகோதரர்கள் ஒரு காணி நிலத்தைச் சேர்ந்தே பயிரிட்டு வாழ்ந்ததாகச் சொல்வார்கள். ஒரு புலன் தராததை மற்றொரு புலன் தரும் ஏற்பாடு நம் ஒவ்வொருவர் மூளைக்குள்ளும் இருக்கிறது. மருத்துவமனையைச் சார்ந்த நவஜீவ நிலையத்தில், சிகிச்சை பெற்றவர்கள் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்று, தம் கையால் பொருளீட்டினர்.

அக்கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுள் மருத்துவர் மேரி வர்கீஸும் ஒருவர். 1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வையும் இயக்கத்தையும் இழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தொழுநோய் இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகும் நோய். தோலில் உணர்வற்ற தேமல் தோன்றியவுடன் அரசு மருத்துவமனையை அணுகினால் இலவசமாகவே சிகிச்சை கிடைக்கும். கை மடங்கும் நிலை வராமல் பெரும்பாலும் தடுக்கலாம்.

கையெழுத்து மாறினால்

வேலூர்க் கைகள் கற்பித்த பாடம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் பொருந்தும். பக்கவாதத்தில் தசை கெடுவதில்லை. கட்டளையிடும் மூளைப்பகுதிக்கு இரத்தம் தடைப்பட்டோ, மூளைக்குள் இரத்தம் கசிந்தோ பழுது உண்டாகிறது. அருகிலுள்ள நலமான பகுதிகள் அவ்வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளக் கூடும். ஆனால் அதற்கு அந்தக் கை வேலை செய்தாக வேண்டும். வலக்கை தடுமாறுகிறதே என்று எல்லாவற்றையும் இடக்கையால் செய்யத் தொடங்கினால், வலக்கையைப் பயன்படுத்தாமலிருப்பதையும் மூளை கற்றுக்கொண்டுவிடும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைக் கண்டு, நல்ல கைக்கு உறையிட்டுக் கட்டுப்படுத்தி, பழுதுற்ற கையைக் கொண்டு பயிலும் முறையை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் கிடைப்பதில்லை. மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர் ஆகியோரின் அறிவுரைப்படியே செய்ய வேண்டும். குடும்பத்தினர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர் சட்டைப் பொத்தானைத் தாமே போட முயலும்போது, நேரமாகிறது என்று ஓடிப்போய்ப் போட்டுவிடாமல் பொறுத்திருப்பதே அது.

கை மீளும்வரை வங்கிக் கணக்கு என்னாவது என்று கவலைப்பட வேண்டியதில்லை. நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட இயலாத வாடிக்கையாளர், கைப் பெருவிரல் ரேகையையோ கால் பெருவிரல் ரேகையையோ பதித்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. வங்கிக்கு அறிமுகமான இரண்டு சாட்சிகள் அதை உறுதி செய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகை பதிக்கவும் இயலாதவர், அதே போன்ற சாட்சிகளோடு ஒரு குறியிட்டாலே போதும். 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி வந்து சேவை வழங்குமாறு 2017-ல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. கையெழுத்து நிலையாக மாறிவிட்டிருந்தால், கிளையில் புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். தந்தையைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு வரும் முன் கிளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் போதும்.

புதிய மாதிரிக் கையெழுத்தை இடுவதற்கு முன் வீட்டில் பழகிக்கொள்வது பெரிதும் உதவும். நாளைக்குக் கால் மணி நேரம் போதும். கோடிட்ட தாளில் முதலில் பெரிதாகவும் மெதுவாகவும் எழுதச் செய்யுங்கள். பழைய கையெழுத்தை அருகில் வைத்து, எந்த வளைவு வரவில்லை என்று அவரே கண்டுகொள்ளட்டும். ஒருநாள் கோணலாக வந்தால் தாளைக் கிழித்துப் போடாமல் தேதியிட்டு எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அத்தாள்களை வரிசையாக அவர் முன் பரப்பிக் காட்டுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அப்போது அவருக்கே தெரியும்.